மூன்றாவது கார்ன் கேப்: மருந்துக்கடைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்தாளுநர்களே, கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளே,

காலில் வரும் எந்தத் தொந்தரவும் எங்களைப் போன்ற தோல் மருத்துவர்களிடம் வருமுன் உங்கள் கடைக்குத்தான் வருகிறது. அதில் வியப்பு ஒன்றுமில்லை. டோக்கன் கிடையாது, பீஸ் கிடையாது, நடந்து போகிற தூரம், முகம் தெரிந்த ஆள். “அண்ணே, கால் ஆணிக்கு ஏதாவது குடுங்க” என்றால் ஒரு கார்ன் கேப். “நகம் கறுத்துப் போச்சு” என்றால் பூஞ்சைக் களிம்பு. “நகச்சுத்து மாதிரி விண்ணுவிண்ணுன்னு வலிக்குது” என்றால் ஐந்து நாளைக்கு மாத்திரை. வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவும் இருக்கும். கால் ஆணி என்று வருவது கால் ஆணியாகத்தான் இருக்கும்.

இந்த மடல் மிச்சமுள்ள சிலரைப் பற்றியது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய மூன்று இடங்களில் வரும் மெலனோமா என்கிற புற்றுநோய் அவர்களுக்கு இருக்கும். அது அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மருத்துவர்களை விட்டுவிட்டு இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், ஒரே ஆள் ஒரே இடத்துக்கு மூன்றாவது தடவையாக மருந்து கேட்டு வந்து நிற்கிறார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிய வழியில்லை. அவர் இன்னும் என்னிடம் வரவில்லை.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்கள் மெலனோசைட்டுகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுத்துத் தெரிகின்றனவே, அங்கே இவை இருக்குமா என்று கேட்கலாம். குறைவாக இருந்தாலும் இருக்கின்றன. நகம் முளைத்து வரும் வேர்ப்பகுதியிலும் இருக்கின்றன. இவை கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதான் மெலனோமா. கை கால்களில் வரும் இந்த வகையைத் தனி வகையாக 1976-ல் விவரித்தவர் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ரிச்சர்ட் ரீட்.

மெலனோமா வெள்ளைக்காரர்களின் நோய், கடற்கரையில் படுத்து வெயில் காய்கிறவர்களுக்கு வருவது, நம் தோலுக்கு வராது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பாதிதான் சரி. வெயிலால் வரும் மெலனோமா நம்மவர்களுக்கு அபூர்வம். கறுப்பு நிறம் அதற்குக் காவல். உள்ளங்காலில் அந்தக் காவல் செல்லாது. அமெரிக்காவில் 1986 முதல் 2005 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளை அலசிய ஓர் ஆய்வு இருக்கிறது. கை கால் மெலனோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 1.8 பேருக்கு வந்திருந்தது. வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் அந்த விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மொத்த மெலனோமாக்களில் இதன் பங்கைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது: வெள்ளையரிடம் 1 சதவீதம், கறுப்பரிடம் 36 சதவீதம். ஆக, இது கறுப்புத் தோலைத் தேடி வரும் நோயும் இல்லை, விட்டுவிடும் நோயும் இல்லை. மற்ற மெலனோமாக்கள் நமக்கு அரிதாகவே வருவதால், வருகிற கொஞ்சத்தில் இது முன்னால் நிற்கிறது.

இந்த வகையும் அபூர்வம்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக் காலை கால் ஆணிக்காரர்களையெல்லாம் பயமுறுத்தி ஆஸ்பத்திரிக்கு விரட்டினால், தோல் நோய்ப் பிரிவின் வாசலில் வரிசை தெருவுக்கு வந்துவிடும், பயனும் இருக்காது. யாரை அனுப்புவது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த மடல்.

வெயில் இல்லையென்றால் காரணம் வேறென்ன? உள்ளங்காலின் தடித்த மேல்தோலைத் தாண்டிப் புறஊதாக் கதிர் உள்ளே போவது கடினம். 2005-ல் அமெரிக்காவில் போரிஸ் பாஸ்டியன் குழுவினர் மெலனோமாக்களின் மரபணுக்களை இடம்வாரியாக ஒப்பிட்டார்கள். கை கால் மெலனோமாவின் மரபணுச் சேதம் வெயில் படும் இடங்களில் வருவதிலிருந்து வேறு மாதிரியாக இருந்தது. வெயில் போடும் சிறுசிறு எழுத்துப்பிழைகள் இதில் குறைவு. குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்வதும், சில பகுதிகள் பல மடங்கு நகலாவதும்தான் அதிகம். சிலரிடம் கிட் என்ற மரபணு கெட்டிருக்கிறது. அவர்களில் சிலருக்கு, ரத்தப் புற்றுக்கு நீங்கள் விற்கிற அதே இமாட்டினிப் உதவுகிறது. இந்த நோய் தொற்றாது. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

அழுத்தத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவர்கள் உள்ளங்கால் மெலனோமாக்கள் எங்கெங்கே வந்திருக்கின்றன என்று பாதத்தின் படத்தில் குறித்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும், அதாவது நிற்கும்போதும் நடக்கும்போதும் எடை இறங்கும் இடங்களில், நிறைய. தரையைத் தொடாத வளைவில் குறைவு. இதை வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் வயலில் நடந்தால் புற்று வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை. அடிபட்டதால் நோய் வந்ததா, அடிபட்டதால் காலைப் பார்த்து நோய் கண்ணில் பட்டதா என்பதில் இன்றுவரை வழக்கு முடியவில்லை.

ஆனால் “அடிபட்டுடுச்சு” என்ற கதை பலரின் நாட்களை வீணாக்கியிருக்கிறது என்பது நிச்சயம். உங்களில் இளைஞர்கள் பாப் மார்லி படம் போட்ட டி-ஷர்ட் வைத்திருப்பீர்கள். அவருக்கு வந்தது இதுதான். வலது காலின் பெருவிரல் நகத்தடியில் வந்தது. கால்பந்தில் பட்ட அடி என்று நினைக்கப்பட்டது. 1977-ல் பரிசோதனை செய்து மெலனோமா என்றார்கள். விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். தம் சமய நம்பிக்கையால் அவர் அதற்கு இணங்கவில்லை என்று சொல்வார்கள். நகத்தடித் திசுவை மட்டும் அகற்றித் தொடைத்தோல் ஒட்டினார்கள். 1981 மே 11-ல் மியாமியில் இறந்தபோது அவருக்கு வயது 36. நோய் மூளைவரை போயிருந்தது.

நம்மூரில் அந்தக் கதை “முள்ளு குத்திடுச்சு”, “கல்லு குத்திடுச்சு”, “படியில இடிச்சுக்கிட்டேன்” என்று வரும். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் வெளிநாட்டு யோகம் என்று சொல்கிற மச்ச சாஸ்திரமும் நம்மிடம் உண்டு. அறுபது வயதில் புதிதாக ஒரு மச்சம் முளைத்தால் அதில் யோகம் எதுவும் இல்லை.

இப்போது பாதத்தைக் கிட்டத்தில் பாருங்கள். உள்ளங்காலில் ரேகைகள் ஓடுகின்றன அல்லவா, உழுத நிலத்தில் மேடும் சாலும் மாறி மாறி வருவதுபோல? வியர்வைத் துளைகள் மேட்டில் வரிசையாகத் திறக்கும். டெர்மோஸ்கோப் என்ற விளக்கு பொருத்திய உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் சாலில் கோடு கோடாகத் தேங்கியிருக்கும். மெலனோமாவின் நிறம் மேட்டின் மீது ஏறிப் பட்டை பட்டையாக அப்பியிருக்கும். துளைகள் நடுவில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இந்த வேறுபாட்டை நிறுவியவர் ஷின்ஷுவின் தோஷியாகி சைதா. 2004-ல் வெளியான அவர் குழுவின் கணக்குப்படி, மெலனோமாக்களில் 86 சதவீதத்தில் நிறம் மேட்டில் இருந்தது. மெலனோமா அல்லாதவற்றில் 99 சதவீதத்தில் அப்படி இல்லை. இத்தனை எளிய ஒரு கவனிப்பு கத்தி வைக்காமலே இவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பது எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

உங்களிடம் டெர்மோஸ்கோப் இருக்காது, தேவையும் இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிவது போதும். ஆரம்பத்தில் அது ஒரு தட்டையான கறை. மைக்கறை பட்டதுபோல, பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று ஒரே கறைக்குள் பல சாயல். ஓரம் ஒழுங்காக இருக்காது. வலிக்காது, அரிக்காது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், மெல்ல அகலும். புதிதாக வந்த கறை 7 மி.மீ.-க்கு மேல், ஏறத்தாழ ஒரு பென்சிலின் பருமனைத் தாண்டிவிட்டால், ஜப்பானிய மருத்துவர்கள் அதை லேசில் விடுவதில்லை. பிறகு ஒரு நாள் அதில் முண்டு எழும், தோல் வெடிக்கும், ரத்தம் கசியும். நம்மவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் கடைக்கு வருகிறார்கள்.

சிலருக்குக் கறுப்பே இருக்காது. இளஞ்சிவப்பாக, சதைத் துணுக்குபோல, ஆறாத புண்ணாக இருக்கும். நிறமி தயாரிக்க மறந்துபோன மெலனோமா அது. மருத்துவர்களே அதை மரு என்றும் சர்க்கரைப் புண் என்றும் நினைத்து ஏமாந்திருக்கிறோம். நீரிழிவுக்காரருக்கு உள்ளங்காலில் புண் வந்தால் சர்க்கரைதான் காரணம் என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுவார்கள், அவர் உட்பட. கட்டுப் போடத் துணியும் பஞ்சும் மாதக்கணக்கில் உங்களிடம்தான் வாங்குவார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், கால் ஊன்றாமல் இருந்தும், புண் ஆறவில்லை என்றால் அதன் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

உங்கள் அலமாரியில் இருக்கும் சில பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ன் கேப்பில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தோலை வெளுத்து ஊறவைத்து உரிக்கும். அடியில் இருக்கும் கறையின் உருவம் குழம்பிப்போகும். ஜி.வி. பெயிண்டும் பெட்டாடினும் புண்ணுக்குத் தங்கள் நிறத்தைப் பூசிவிடும். அதன் பிறகு எது மருந்து, எது நோய் என்று யாருக்கும் தெரியாது. மருதாணி வைத்த நகமும் நகப்பூச்சு போட்ட நகமும் அப்படித்தான். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்பு பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நாலு நாளைக்கு அடக்கிக் காட்டி ஏமாற்றும். அதோடு வீட்டு வைத்தியம் வேறு: எருக்கம்பால், சேங்கொட்டை, சுண்ணாம்பு, கடைசியில் பிளேடு. பிளேடால் சீவிய கால் ஆணியிலிருந்து கறுப்பாக ஏதோ தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், அவரை அடுத்த பிளேடு வாங்க விடாதீர்கள்.

நகத்துக்கு வருகிறேன். இங்குதான் வீண் பயமும் வீண் அலட்சியமும் ஒன்றாக இருக்கின்றன. நம் நிறத்தவர்களுக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு இருப்பது சாதாரணம். பல விரல்களில், பல வருடமாக, மெல்லிய கோடுகளாக இருந்தால் கவலை வேண்டாம். ஹைட்ராக்ஸியூரியாவும் ஜிடோவுடினும் நகத்தைக் கறுக்க வைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்; வைட்டமின் பி12 குறைந்தாலும் கறுக்கும். எனவே முதல் கேள்வி, “ஒரு நகமா, பல நகமா?” நடுவயது தாண்டியவருக்கு ஒரே ஒரு நகத்தில், அதிலும் கைக்கட்டை விரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக ஒரு கோடு வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். கோடு 3 மி.மீ.-க்கு மேல் அகலமா? நகத்தின் நுனியைவிட வேர்ப்பக்கம் அகலமா? அப்படியென்றால் கோடு அகன்றுகொண்டே வருகிறது என்று பொருள்; வேரில் இன்றைக்கு உருவாவதுதான் நாளைக்கு நுனிக்குப் போகிறது. நிறம் நகத்தைத் தாண்டி, நகத்தை ஒட்டியுள்ள தோலில் ஏறியிருக்கிறதா? லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் 1886-லேயே எழுதிவைத்த அடையாளம் இது. இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். நகம் அந்தக் கோட்டில் பிளந்தாலோ, அடியிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, இனி எந்தக் களிம்பும் கொடுக்காதீர்கள்.

கதவில் நசுங்கியதால் வந்த ரத்தக்கட்டு என்று சொன்னால்? ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து நகரும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும்; கால் நகம் அதில் பாதிகூட வளராது. கறுப்புக்குப் பின்னால், வேரிலிருந்து, சுத்தமான நகம் வெளியே வர ஆரம்பித்தால் அது பெரும்பாலும் ரத்தக்கட்டுதான். “போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சொல்லலாம். அடுத்த மாதமும் கறுப்பு வேரோடு ஒட்டியே இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டோடு நோயாளி நேராகப் பரிசோதனைக்குப் போவதில்லை. வழியில் உங்கள் கடை முன் வண்டியை நிறுத்துவார். “கத்தி வெச்சா பரவிடும்கிறாங்களே தம்பி, எடுக்கலாமா?” என்று உங்களிடம் கேட்பார். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடை என் சொல்லுக்கு இல்லை. “தெரியலையே அண்ணே, யோசிச்சுப் பண்ணுங்க” என்று நல்லெண்ணத்தில் சொன்னாலும் அவர் ஆறு மாதம் யோசிப்பார். துணுக்கு எடுத்துப் பார்ப்பதால் மெலனோமா பரவுவதில்லை. எடுக்காமல் விட்டால்தான் அது தானாகப் பரவுகிறது. தயவுசெய்து, “எடுத்துடுங்க அண்ணே, ஒண்ணும் ஆகாது” என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இந்த நோயின் தலைவிதி மில்லிமீட்டரில் இருக்கிறது. கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து பிழைப்பைக் கணிக்கலாம் என 1970-ல் காட்டினார் அலெக்சாண்டர் பிரெஸ்லோ. 1 மி.மீ.-க்குள் இருந்தால், சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு வெட்டியெடுத்தாலே பெரும்பாலும் முடிந்தது. ஆழம் கூடக்கூட இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ இருக்கும் நிணநீர்க் கணுவையும் பார்க்க வேண்டிவரும். அதன் பிறகு நுரையீரல், கல்லீரல், மூளை. நான் முன்பு சொன்ன அமெரிக்கக் கணக்கில், எல்லா மெலனோமாக்களையும் சேர்த்தால் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 91 சதவீதம். இந்த வகையில் 80. தாமதமாகக் கண்டுபிடிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2018-ல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த எதிர்ப்பாற்றல் சிகிச்சை மெலனோமாவின் கதையையே மாற்றியது உண்மை. ஆனால் கை கால் மெலனோமா வெயில் மெலனோமா அளவுக்கு அதற்கு மசிவதில்லை. ஊசியின் விலையோ உங்களுக்கே தெரியும். ஆரம்பத்திலேயே வெட்டியெடுப்பதற்கு ஈடாக இன்றுவரை எதுவும் வரவில்லை.

அனுப்புவது எங்கே? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு இலவசம். “தோல் டாக்டர்” என்று குறிப்பிட்டே சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு ஆயின்மென்ட்டோடு திரும்பி வருவார்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அங்கே கேட்காமலே கொடுப்பார்கள். முதலாளி, “வந்த வியாபாரத்தை ஏன்டா விட்டே?” என்பார். அதனால் புற்றுநோய் என்ற சொல்லை நீங்கள் வாயில் எடுக்கவே வேண்டாம். அது உங்கள் வேலையும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஐயா, இதுக்கு நான் குடுத்த மருந்து கேட்கலை. ஒரு தடவை தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அவர் என்ன எழுதினாலும் நம்ம கடையிலேயே வாங்கிக்கலாம்.” ஆளும் உங்களை விட்டுப் போக மாட்டார், வியாபாரமும் போகாது.

கடை முதலாளிகளிடமும் மருந்து வணிகர் சங்கங்களிடமும் ஒரு கோரிக்கை. காலாவதித் தேதிக்கும் ஸ்டாக்குக்கும் உங்கள் கணினியில் எச்சரிக்கை வருகிறது. ஒரே போன் நம்பருக்குக் கார்ன் கேப்போ பூஞ்சைக் களிம்போ மூன்றாவது முறை பில் போடும்போதும் அப்படி ஒரு எச்சரிக்கை வரச் செய்யுங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

கவுண்டரில் நிற்கிறவர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை யாராவது கால் ஆணிக்கோ நகத்துக்கோ மருந்து கேட்டால், எடுத்துக் கொடுக்குமுன், “எத்தனை நாளா இருக்கு?” என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் என்றாலோ, கறுப்பு என்றாலோ, ரத்தம் என்றாலோ, செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு தடவை பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மருந்து கொடுக்காமல் எங்களிடம் அனுப்புங்கள். வெறும் கால் ஆணியாக இருந்தால் நாங்களே கார்ன் கேப் எழுதி உங்களிடம் திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஒரு தோல் மருத்துவர்